காலில் பட்ட சீட்டு

ஜெர்மனியின் ஆஹென் நகரத்தின் ஓரத்தில், பேருந்துகள் திரும்பி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி இருக்கிறது. அதன் பெரிய மண்டபத்தில் அந்த வாரம் போக்கர் என்ற சீட்டாட்டப் போட்டி நடந்தது. நானூறு பேர் ஆடத் தொடங்கி, மூன்றாம் நாள் பின்னேரம் ஒன்பது பேர் மிஞ்சியிருந்தார்கள். இன்னும் ஒருவர் வெளியேறினால் அன்றைய ஆட்டம் முடிந்துவிடும். எஞ்சிய எட்டுப் பேருக்கும் அடுத்த நாள் இறுதிச் சுற்று.

மண்டபத்துக்கு மேலே கண்ணாடி அறை ஒன்றில் இருந்து ஜெனிஸ்டன் நேரடி வர்ணனை செய்துகொண்டிருந்தான். வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்தவன். வார நாட்களில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. இப்படிப் போட்டிகள் வரும்போது விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, டானியல் என்ற நண்பனோடு சேர்ந்து ஜெர்மன் மொழியில் வர்ணனை சொல்வான். ஆறு வருடமாக இந்த வேலை. மேசையின் விளிம்பில் பதித்திருந்த சிறு கமராக்கள் ஒவ்வொருவர் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். ஆடுகிறவர்களுக்குத் தெரியாதது வர்ணனையாளர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் தெரியும்.

சீட்டைவிட ஆட்களைப் பார்க்க வருகிறவர்களே அதிகம் என்பது ஜெனிஸ்டனுக்குத் தெரியும். தோற்றதும் யார் முகம் சுளித்தார், சீட்டுப் பகிரும் பெண்ணைப் பார்த்து யார் சீறினார், வெல்லும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியை யார் வேண்டுமென்றே காக்க வைத்தார் என்று எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, ஊர் முழுக்கப் பரப்பி, நாலு நாள் வைத்துப் பேசுவார்கள். சில ஆட்டக்காரர்களுக்கு அவர்களுடைய வெற்றிகளைவிட அந்தத் துண்டுப் படங்களால்தான் பெயர்.

சாரங்காவைப் பற்றி அப்படி ஒரு படமும் இருந்ததில்லை. அவளும் வுப்பர்டால் பிள்ளைதான். இதே ஆஹெனில் கணிதம் படித்துவிட்டு, நாலு வருடமாகப் போக்கரைத் தொழிலாக்கிக்கொண்டவள். இருபத்தெட்டு வயது. தோற்றாலும் சீட்டுப் பகிர்ந்தவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் எழும்புவாள். வென்றால் தோற்றவரின் முகத்தைப் பார்க்காமல், பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டுகளை மெல்ல அடுக்குவாள். அவளிடம் பேச ஒன்றுமே இல்லை என்று சில பார்வையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டதுகூட உண்டு. ஜெனிஸ்டனுக்கு அவளுடைய ஆட்டத்தில் பெரிய மதிப்பு. ஆனால் தமிழன் தமிழிச்சியைத் தூக்கிப் பிடிக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்பதற்காக, மற்றவர்களுக்கு மூன்று பாராட்டுச் சொன்னால் அவளுக்கு ஒன்று சொல்வான்.

அன்று நடந்தது இரண்டு வினாடிக்குள் முடிந்த விஷயம்.

சாரங்காவுக்கு இடப்பக்கம் ஹோல்ட்காம்ப் இருந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பது வருடமாக இதே தொழில். தனக்கு வந்த இரண்டு சீட்டுகளின் நுனியை அவர் தூக்கிப் பார்த்தபோது, ஒன்று வழுக்கி மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. அதே நேரத்தில் கதிரையை முன்னுக்கு இழுத்த சாரங்காவின் சப்பாத்து அந்தச் சீட்டின் மேல் பட்டுவிட்டது. அவள் குனிந்து, கவிழ்ந்து கிடந்த சீட்டை அப்படியே எடுத்தாள். இரண்டு கண்களிலும் ஒற்றினாள். வலது கையால் ஹோல்ட்காம்பின் முன்னால் வைத்தாள்.

“ஓ! அவள் இப்போது பார்த்தாளா என்ன?” என்று டானியல் சிரித்தான்.

ஜெனிஸ்டனுக்கு அது என்னவென்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. புத்தகத்தில், தாளில், இன்னொருவரின் உடம்பில் தவறிக் கால் பட்டால், தொட்டுக் கண்ணில் ஒற்றுவது. மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்பது. அவனுடைய வீடு கத்தோலிக்க வீடு. அந்த வீட்டிலும் இதே பழக்கம்தான். நாலாம் வகுப்பில் ஒருநாள் பக்கத்துப் பையனின் கொப்பியில் கால் பட்டபோது அவன் தொட்டுக் கண்ணில் ஒற்ற, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு மாதம் வரைக்கும் கொப்பிகளை அவனுடைய காலடியில் எறிந்து வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஒற்றுவான்.

இப்போதும் அந்தச் சிரிப்புத்தான் காதில் விழுந்தது. “படம் அப்படித்தான் காட்டுகிறது,” என்று சொல்லிவிட்டான்.

ஆட்டம் தொடர்ந்தது. விழுந்த சீட்டு ஹோல்ட்காம்பின் கையிலிருந்து விழுந்தது என்பதால் விதிப்படி அவர் அதை வைத்தே ஆடலாம். அவரிடம் இரண்டு ஏஸ். அதைவிடப் பெரிய கை கிடையாது. சாரங்காவிடம் இரண்டு ராஜா. அதற்கு அடுத்த பெரிய கை. இரண்டு ராஜாவை வைத்திருக்கிறவர் எவரும் தொடக்கத்திலேயே கைவிடமாட்டார். ஹோல்ட்காம்ப் தன்னிடமிருந்த வட்டுகள் எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளினார். சாரங்கா கொஞ்ச நேரம்கூட யோசிக்காமல், அந்த ஆட்டத்தைக் கைவிட்டுத் தன் சீட்டுகளைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டாள்.

“ராஜா இரண்டையும் போட்டுவிட்டாள்!” டானியல் கதிரையிலிருந்து எழும்பிவிட்டான். “இதைவிடச் சாட்சி வேண்டுமா?”

ஜெனிஸ்டன் அடுத்த ஆட்டத்தின் விவரத்துக்குத் தாவினான்.

ஒரு மணித்தியாலத்துக்குள் அந்தத் துண்டுப் படம் எங்கும் பரவிவிட்டது. அவள் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோவது, ஜெனிஸ்டனின் குரல், பிறகு ராஜாக்களை அவள் தள்ளுவது. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். அவர்களில் பலர் திரும்பத் திரும்ப எழுதியது ஒன்றுதான்: அவளுடைய நாட்டுக்காரரே ஒப்புக்கொள்கிறார்.

இதற்கிடையில் வேறொருவர் வெளியேற, சாரங்காவும் ஹோல்ட்காம்பும் எட்டுப் பேருக்குள் வந்திருந்தார்கள். போட்டியை நடத்துபவர்கள் அறிவித்தார்கள். அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு விசாரணை. குற்றம் என்று தீர்ப்பானால் இறுதிச் சுற்றில் அவளுக்கு இடமில்லை. அதற்குப் பிறகு எந்த மண்டபத்திலும் அவளை எவரும் நம்பி ஆடப்போவதும் இல்லை.

இரவு ஜெனிஸ்டனின் மனைவி ஆதிரை பிராங்பேர்ட்டில் இருந்து அழைத்தாள். விமான நிலையத்தில் வேலை முடித்து ரயிலில் நின்றபடி கதைத்தாள்.

“அந்த வீடியோவிலை கதைக்கிறது நீர்தானே?”

“ஓம்.”

“அந்தப் பிள்ளை தொட்டுக் கும்பிட்டது உமக்கு விளங்கேல்லையோ?”

“விளங்கினது.”

“என்ன? விளங்கியே அப்பிடிச் சொன்னனீர்?”

“டானியல் சிரிச்சான். லைவிலை யோசிக்க நேரமில்லை, ஆதிரை.”

“போன கிழமை என்ரை கைப்பையிலை உம்மடை கால் பட்டது. யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டுத் தொட்டுக் கண்ணிலை ஒத்தினனீர். அதுக்கு மட்டும் நேரம் இருந்ததோ?”

ரயிலின் அறிவிப்புக் குரல் ஒன்று இடையில் வந்து போனது.

“சூதாடுற மேசையிலையும் அந்தப் பிள்ளை வெக்கப்படேல்லை,” என்றாள் ஆதிரை. “நீர் பயந்து போனீர். சரி, பயந்தது பயந்ததுதான். இனி என்ன செய்யப்போறீர்?”

“நான் போய்ச் சொன்னா, தன்ரை ஆளுக்குக் கதைக்கிறான் எண்டுதான் நினைப்பினம்.”

“நினைச்சாப் போகட்டுமே. வெறுங்கையோடை போகாமல் ஏதாவது கொண்டுபோய்ச் சொல்லும். உம்மட்டைத்தானே மூண்டு நாள் வீடியோவும் கிடக்கு.”

காலையில் ஜெனிஸ்டன் முதலில் தேடிப் போனது சாரங்காவைத்தான். விடுதியின் உணவு மண்டபத்தில், யன்னலோரம் தனியாக இருந்தாள். சுற்றியிருந்த மேசைகளில் மற்ற ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவளுடைய மேசையில் மூன்று கதிரைகள் காலியாக இருந்தன.

“நான் ஜெனிஸ்டன்,” என்றான். “உமக்குப் பெரிய பிழை செய்துபோட்டன்.”

“தெரியும் அண்ணா. குரலைக் கேட்டனான். இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?”

அவன் இருந்தான். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் விட்டான்.

“அப்பா விடியவே போன் எடுத்தவர்,” என்றாள் சாரங்கா. “நான் போக்கர் விளையாடுறன் எண்டு இவ்வளவு காலமும் கோயில்லை ஒருத்தருக்கும் சொல்லாமல் காப்பாத்திக்கொண்டு வந்தவர், பாவம். இப்ப சூதும் தெரிஞ்சுபோச்சு, கள்ளப் பட்டமும் சேந்திட்டுது. ஒரே நாளிலை ரெண்டு.” சிரித்தாள். கண்கள் நித்திரை இல்லாமல் வீங்கியிருந்தன.

“ராஜா ரெண்டையும் ஏன் போட்டனீர்?”

“அவரின்ரை சீட்டுக் கடதாசியை என்ரை முகத்துக்கு முன்னாலை கொண்டுபோயிட்டன். அது பழக்கத்திலை தானாக வந்திட்டுது. பிறகுதான் யோசிச்சன், அவர் என்ன நினைப்பார் எண்டு. நான் அந்த ஆட்டத்தை வெண்டா, பாத்திட்டாளோ எண்டு அந்த மனுசனுக்கு நெஞ்சிலை கிடந்து உறுத்தும். அதாலை விட்டன். அவரிட்டை ரெண்டு ஏஸ் இருந்தது பிறகுதான் தெரியும்.”

கையில் சிக்கிய இரண்டு ராஜாவை, பக்கத்தில் இருக்கிறவரின் மன நிம்மதிக்காகத் தூக்கிப் போடுகிறவர்கள் இந்த விளையாட்டில் இருக்கிறார்கள் என்று ஜெனிஸ்டன் நினைத்ததே இல்லை. அந்த நல்ல எண்ணத்தையேதான் உலகம் அவளுக்கு எதிரான சாட்சியாக்கியிருந்தது. அதற்குக் குரல் கொடுத்தது அவன்.

“கடதாசி எப்பிடி விழுந்தது?”

சாரங்கா தேநீரைக் கலக்கினாள். “விழுந்தது.”

“அதைத்தான் முதல்லை கேப்பினம். உம்மடை முழங்கை தட்டினதோ எண்டு.”

“என்ரை கை படேல்லை. அதுக்கு மேலை கேக்காதேங்கோ அண்ணா.”

அவன் கேட்கவில்லை. பதிவுகள் வைத்திருந்த அறைக்குப் போனான். மூன்று நாளில் அவள் இருந்த மேசைகளை மட்டும் எடுத்து, வேகமாக ஓட்டி ஓட்டிப் பார்த்தான். ஏழரைக்குத் தொடங்கியவன் பதினொன்று வரை எழும்பவில்லை.

முதல் நாள் ஒருவருடைய வட்டு உருண்டு விழுந்து அவளுடைய சப்பாத்தில் முட்டியிருந்தது. எடுத்தாள், ஒற்றினாள், கொடுத்தாள். வாங்கியவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இரண்டாம் நாள் பக்கத்து ஆட்டக்காரரின் தோள்பையில் அவளுடைய கால் இடித்தது. அவள் குனிந்து பையைத் தொட, அவர் திடுக்கிட்டுப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் கையைக் கண்ணில் ஒற்றியதைப் பார்த்து இன்னும் குழம்பிப்போனார். ஜெனிஸ்டன் அதைப் பார்த்துத் தனியே சிரித்தான். மூன்றாவது, சீட்டுப் பகிரும் பெண்ணின் முழங்காலில் கால் பட்டபோது. சாரங்கா அவளுடைய சட்டைக் கையை மெல்லத் தொட்டு ஒற்றினாள். அந்தப் பெண் கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். அழுகிறாள் என்று நினைத்திருக்கிறாள்.

மூன்று தரமும் ஒற்றும்போது சாரங்காவின் கண்கள் மூடியிருந்தன.

விசாரணை விடுதியின் கூட்ட அறையில் நடந்தது. போட்டித் தலைவி லிண்ட்னர், அவரோடு இரண்டு நடுவர்கள், சாரங்கா, சாட்சியாக அழைக்கப்பட்ட ஹோல்ட்காம்ப். ஜெனிஸ்டன் கதவைத் தட்டி, தனக்கும் சொல்ல இருக்கிறது என்றான். உள்ளே விட்டார்கள்.

“நேற்று நான் சொன்னது தவறு,” என்று தொடங்கினான். “அந்தச் சைகை என்னவென்று தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னேன்.” பழக்கத்தை விளக்கினான். மூன்று பதிவுகளையும் திரையில் ஓடவிட்டான். தோள்பைக்காரரைப் பார்த்து நடுவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார்.

லிண்ட்னர் சிரிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். நிதானமானவர். “நன்றி. பழக்கம் என்பதை நான் நம்புகிறேன்,” என்றார். “கண் மூடியிருந்தது என்பதைக்கூட நம்பலாம். ஆனால் அந்தச் சீட்டு எப்படித் தரைக்கு வந்தது? நேற்றைய கமராவை உங்கள் தோள் மறைத்துவிட்டது, சாரங்கா. நீங்கள் தட்டி விழுத்தியிருந்தால் மற்றதெல்லாம் வேறு கதையாகிவிடும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.”

“நான் தட்டவில்லை,” என்றாள் சாரங்கா.

“அப்படியானால்?”

“அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.”

“உங்கள் இடம் போய்விடக்கூடும். விளங்குகிறதா?”

“விளங்குகிறது.”

அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிஸ்டனுக்கு எழும்பிக் கத்தவேண்டும் போல் இருந்தது. ஒரு வசனத்தில் முடிகிற விஷயத்துக்கு இந்தப் பிள்ளை ஏன் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறது? லிண்ட்னர் பேனையை எடுத்தார்.

“பொறுங்கள்,” என்றார் ஹோல்ட்காம்ப்.

அதுவரை மடியில் வைத்திருந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். விரல்கள் நடுங்கின. இடது கையால் அழுத்திப் பிடித்தார். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை.

“ஒரு வருடமாக இப்படி,” என்றார். “வைத்தியர் பெயர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வெளியே எவருக்கும் நான் சொல்லவில்லை. கிழவன் முடிந்துவிட்டான் என்று இந்தப் பையன்கள் சொல்வார்கள். சீட்டு என் கையிலிருந்துதான் வழுக்கியது.”

லிண்ட்னர் பேனையைக் கீழே வைத்தார்.

“இவள் மூன்று நாளில் பல தடவை என் பக்கத்தில் இருந்திருக்கிறாள்,” என்று அவர் தொடர்ந்தார். “முதல் நாளே கண்டுவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா? தன் தண்ணீர்க் கிளாசை மற்றப் பக்கத்துக்கு மாற்றி வைத்தாள், என் கை தட்டுப்படாமல் இருக்க. நான் வட்டுகளை எண்ணி அடுக்கச் சிரமப்பட்டபோது, தனக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தி வைத்தாள். யோசிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. முப்பது வருடமாக ஆட்களின் முகத்தைப் படித்துச் சாப்பிடுகிறவன் நான். எனக்கு விளங்காதா?” சாரங்காவின் பக்கம் திரும்பினார். “நேற்று மாலையே நான் இதைச் சொல்லியிருக்கவேண்டும். கோழையாக அறைக்குள் இருந்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.”

“அப்படி ஒன்றும் இல்லை,” என்றாள் சாரங்கா. அதுவரை வராத கண்ணீர் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

ஜெனிஸ்டன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோழை என்ற சொல் அந்த அறையில் இன்னொருவனுக்கும் பொருந்தியது. ஆனால் அந்த முதியவர் அந்தச் சொல்லை எவ்வளவு இலகுவாகத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்பதைப் பார்த்தபோது, அது தூக்க முடியாத பாரம் அல்ல என்று அவனுக்குப் பட்டது.

தீர்ப்பு எழுத ஐந்து நிமிடம் பிடித்தது. இன்னொருவரின் சீட்டைத் தொட்டது விதிமீறல். நடுவரைக் கூப்பிட்டிருக்கவேண்டும். அதற்கு ஓர் எச்சரிக்கை. இறுதிச் சுற்றில் சாரங்காவின் இடம் அவளுக்கே. “காரணத்தை எப்படி எழுதுவது?” என்று லிண்ட்னர் ஹோல்ட்காம்பைக் கேட்டார். “உங்கள் கையைப் பற்றி எழுதாமலும் விடலாம்.”

“எழுதுங்கள்,” என்றார் அவர். “இனி ஒளித்து வைக்க எனக்கும் களைத்துவிட்டது.”

இரண்டு மணிக்கு ஒளிபரப்புத் தொடங்கியது. தொடங்குமுன் தயாரிப்பாளர் வந்து, அறிக்கை வெளியாகிவிட்டது, அதைப் பற்றி நீ தனியாக ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, ஆட்டத்தை மட்டும் சொல் என்று ஜெனிஸ்டனிடம் சொன்னார். அவன் தலையாட்டினான். பச்சை விளக்கு எரிந்ததும் சொன்னான்.

“நேற்று இந்த இருக்கையில் இருந்து ஒரு பொய்க்குத் துணை போனேன். சாரங்கா அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை. காலில் பட்டதற்காக அதனிடம் மன்னிப்புக் கேட்டாள். எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வது. நானும் செய்வேன். யாரும் பார்க்காத நேரத்தில். தெரிந்துகொண்டே நான் சொல்லாமல் விட்டேன், சிரிப்பீர்கள் என்று பயந்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன்.”

தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் நின்றார். டானியல் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தான். “முதலில் சிரித்தவன் நான்,” என்றான். “ஆகவே அந்த மன்னிப்பில் பாதி என்னுடையது.”

எல்லோரும் நம்பிவிடவில்லை. நாடகம் என்று எழுதினவர்கள் இருந்தார்கள். இரக்கத்துக்காகக் கதை கட்டுகிறார்கள் என்றும் எழுதினார்கள். ஆனால் அவர்களுக்கு நடுவே, எங்கள் வீட்டிலும் ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவோம் என்று ஒரு துருக்கிப் பெண் எழுதினாள். தோள்பைக்காரர் தன் பெயரோடு வந்து, அன்று பையை இழுத்ததற்காக வெட்கப்படுகிறேன் என்று எழுதினார். ஆதிரை ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: ‘இனி யன்னல் சீலை மூடத் தேவையில்லை.’

கீழே எட்டுப் பேரும் மேசைக்கு வந்தார்கள். சாரங்கா தன் இடத்தில் இருந்தாள். சீட்டுப் பகிரும் பெண்ணுக்கு வணக்கம் சொன்னாள். எதிரே ஒரு கொலோன் இளைஞன். கூர்மையான வாய்க்காரன், எதிராளியை ஏளனம் செய்வதில் பெயர் எடுத்தவன். மெதுவாக ஆடுகிறவர்களைக் கண்டால் மேசையில் விரலால் தட்டி அவசரப்படுத்துவான். அப்படியான படங்கள் அவனுக்கு இருபதாவது இருக்கும்.

முதல் சீட்டுகள் வந்தன. ஹோல்ட்காம்ப் இந்த முறை வலது கையை ஒளிக்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் கொண்டுவந்து, சீட்டுகளைத் தன் பக்கம் இழுத்து, நுனியைத் தூக்க முயன்றார். ஒருமுறை நழுவியது. மறுபடி முயன்றார். நேரம் போனது. கமரா மெல்லத் திரும்பி அந்தக் கொலோன் இளைஞனின் முகத்துக்குப் போனது. அடுத்த துண்டுப் படம் அங்கேதான் கிடைக்கும் என்று அந்தக் கமராக்காரருக்கும் தெரியும்.

இளைஞனின் கை மேசைக்கு வந்தது. வட்டு ஒன்றை எடுத்து, உருட்டி, திரும்ப வைத்தது. பிறகு அவன் தன் வட்டுகளை எல்லாம் இரண்டு கையாலும் தன் பக்கம் நெருக்கி இழுத்து, கிழவருக்கு மேசையில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டான். விரலால் தட்டவில்லை.

“என்ன நடக்கிறது?” என்று டானியல் கேட்டான். வர்ணனையில் மௌனம் நீளக்கூடாது என்பது அவர்களுடைய தொழில் விதி.

ஜெனிஸ்டன் கண்ணாடிக்கு இன்னும் கிட்ட நகர்ந்தான். “ஹோல்ட்காம்ப் தன் சீட்டைப் பார்க்கிறார்,” என்றான். “மற்ற ஏழு பேரும் காத்திருக்கிறார்கள்.”